இறந்ததாக எழுதப்பட்ட ரீங்காரச் சிட்டு

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும், எங்கள் அருங்காட்சியகத்தின் முன்னாள் இயக்குநர் ஐயா அவர்களே. அவருக்கு வலப்பக்கம் வீற்றிருக்கும், இன்று வெளியாகும் நூலுக்கு மகுடமான கட்டுரையைத் தந்த மூத்த எழுத்தாளர் அவர்களே. இந்த நூலைத் தொகுத்து, திருத்தி, அச்சேற்றி, அழைப்பிதழின் அடிவரியில் ஒரு கொசு உட்காரும் அளவுக்கு என் பெயருக்கும் இடம் பிடித்துக் கொடுத்த வாசகர் மன்றச் செயலாளர் அவர்களே. முன்வரிசையில் முதுகு சாயாமல் அமர்ந்திருக்கும் பெரியோர்களே. பிள்ளைகளை மடியில் கிடத்திக்கொண்டு என்னையும் பொறுத்துக்கொள்ளப் போகும் தாய்மார்களே. கதவருகே நின்று, போகலாமா இருக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் நண்பர்களே. கடைசிக்கு முந்தைய வரிசையில் என் மனைவிக்குப் பக்கத்தில் அமர்ந்திருப்பவரும், ஒன்பது ஆண்டுகளாக நான் முகம் பார்த்துப் பேசாதவருமான என் மச்சான் அவர்களே. அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, ‘எழுத்தாளர் பார்வையில் ரீங்காரச் சிட்டு.’ தந்திருக்கும் நேரம் பத்து நிமிடம். இந்த மன்றத்தில் பதினோரு ஆண்டுகளாக நன்றியுரை மட்டுமே சொல்லி வந்தவன் நான். நன்றியுரை யார் காதில் விழும்? நாற்காலிகள் இழுபடும் சத்தத்துக்கும் செருப்புத் தேடும் சத்தத்துக்கும் நடுவே பேசிப் பேசிப் பழகிவிட்டது. இன்று நீங்கள் அமைதியாக இருப்பது எனக்கே கொஞ்சம் பயமாக இருக்கிறது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இன்னும் சிறிது நேரம் சிரிக்கலாம்.

நானும் எழுத்தாளன்தான். இருபத்திரண்டு ஆண்டுகள் அருங்காட்சியகத்தில் சீட்டெழுத்தராக இருந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே பறவையின் பெயர், கிடைத்த இடம், கிடைத்த நாள் என்று ஓர் அட்டை இருக்குமே, அதை எழுதியவன். மேடையில் இருக்கும் பெரியவர்களை நீங்கள் சாய்வு நாற்காலியில் சாய்ந்தபடி படிக்கிறீர்கள். என்னைக் கைகட்டி, குனிந்து, நின்றபடி படித்தீர்கள். எந்த எழுத்தாளருக்குக் கிடைத்தது அந்த மரியாதை? அதைவிட ஒன்று சொல்கிறேன். கவிஞர் எழுதியதை யாரும் சத்தியம் என்று எடுத்துக்கொள்வதில்லை. அட்டையில் எழுதியதை எல்லோரும் நம்புகிறார்கள்.

என் பேச்சின் நோக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று வெளியான இந்த நூலில், தொண்ணூற்று மூன்றாம் பக்கத்தில், ஒரு மனிதர் திருடர் என்று எழுதப்பட்டிருக்கிறார். பெயர் இல்லை, தொழில் இருக்கிறது. இந்த ஊரில் அந்தத் தொழிலுக்கு ஒரே ஆள்தான் இருந்தார். ஐந்நூறு பிரதிகள் வாசல் மேசையில் அடுக்கியிருக்கின்றன. நாளை அவை பள்ளி நூலகங்களுக்குப் போகின்றன. அந்தப் பக்கம் அப்படியே போகலாமா, கூடாதா? இதற்காகத்தான் நான் எழுந்து வந்திருக்கிறேன்.

தலைவர் ஐயா தண்ணீர் குடிக்கிறார். குடியுங்கள் ஐயா. நான் தலைப்புக்குத்தான் வருகிறேன்.

எழுத்தாளர்கள் இந்தப் பறவையை என்னவெல்லாம் ஆக்கியிருக்கிறார்கள்? பறக்கும் பவளம் என்றார்கள். சிறகு முளைத்த சுடர் என்றார்கள். பூவுக்குத் தூது வந்த பூ என்றார்கள். காதலின் வடிவம், கருணையின் வடிவம், கடவுளின் மூச்சு. இந்த நூலில் மட்டும் ‘மாணிக்கம்’ என்ற சொல் முப்பத்தெட்டு முறை வருகிறது. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். வேலையில்லாதவன் என்கிறீர்களா? ஆமாம், வேலையில்லாதவன்தான்.

கருணை என்கிறார்களே, இரண்டு சிட்டுகள் ஒரு பூங்கொத்துக்குச் சண்டையிடுவதைப் பார்த்திருக்கிறார்களா? ஊசி அலகால் ஒன்றின் தொண்டையை மற்றொன்று குத்தும். காதல் என்கிறார்களே, கூடு கட்டுவதும் குஞ்சு வளர்ப்பதும் தாய் ஒருத்தி மட்டும்தான். தகப்பன் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. தாய்மார்கள் பக்கம் தலைகள் ஆடுகின்றன. தெரிந்த கதை போலிருக்கிறது.

போகட்டும். இவையெல்லாம் சிறு பொய்கள். நான் கேட்பது வேறு. இத்தனை பேரில் ஒருவராவது இதன் உறக்கத்தை எழுதினாரா?

பறக்கும்போது இதன் இதயம் நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் அடிக்கும். அந்த நெருப்புக்கு நாள் முழுக்கத் தேன் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குளிர் இறங்கினால், தேன் கிடைக்காவிட்டால், அது என்ன செய்யும் தெரியுமா? தன்னைத் தானே அணைத்துவிடும். உடம்பு காற்றின் குளிருக்கே இறங்கிவிடும். இதயம் ஐம்பதுக்கு வந்துவிடும். மூச்சு நின்று, வெகுநேரம் கழித்து, ஒருமுறை வரும். அலகு வானத்தைப் பார்த்தபடி இருக்கும். கிளையிலிருந்து நழுவினால் காலால் பற்றியபடி தலைகீழாகத் தொங்கும். தொட்டால் கல்லைத் தொட்டது போலிருக்கும். மூக்கருகே கண்ணாடி காட்டினால் ஆவி படியாது. எடுத்துப் பார்க்கும் நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேர் செத்துவிட்டது என்றுதான் சொல்வார்கள்.

மீதி அந்த ஒருவர்தான் என் மச்சான்.

என் மனைவிக்கு அண்ணன். அருங்காட்சியகத்தில் பறவைத் தோலைப் பதம் செய்து, பஞ்சு அடைத்து, காலத்துக்கும் கெடாமல் வைப்பது அவர் வேலை. ஊழியர்கள் அவரைப் ‘பஞ்சு’ என்றே அழைப்பார்கள். அவருடைய அறையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பொதுமக்களுக்கு அங்கே அனுமதி இல்லை. சுவர் முழுக்க மரத்தாலான இழுப்பறைகள். ஒன்றை இழுத்தால் நாப்தலீன் வாடை முகத்தில் அடிக்கும். உள்ளே வெள்ளைத் துணியில் வரிசை வரிசையாக ரீங்காரச் சிட்டுகள் மல்லாந்து கிடக்கும். சிறகு ஒட்டி, கால் பின்னி, காலில் நூலால் கட்டிய சீட்டுடன் கிடக்கும். கண் இருந்த இடத்தில் வெள்ளைப் பஞ்சு. நாற்பது பறவைகள் எண்பது வெள்ளைக் கண்களால் உங்களைப் பார்க்கும். அந்தச் சுவருக்கு மறுபுறம்தான் என் மேசை. பட்டப்பகலில், சன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, நான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது என் முதுகுக்குப் பின்னால் அவை கிடக்கும்.

மச்சானிடம் ஒரு வழக்கம் இருந்தது. செத்ததென்று சொல்லி யார் சிறு பறவையைக் கொண்டுவந்தாலும், முதலில் ஒரு டம்ளர் டீ ஊற்றி மேசையில் வைப்பார். பறவையை இரு கைக்குள்ளும் மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். டீ ஆறி ஆடை படியும் வரை கையைத் திறக்க மாட்டார். அதற்குப் பிறகும் அசைவில்லை என்றால்தான், “இப்ப எழுதுங்க மாப்ள” என்று என்னிடம் சொல்வார். அதன்பின்தான் நான் சீட்டு எழுதுவேன். பஞ்சு அடைகாக்கிறார் என்று எல்லோரும் கேலி செய்வோம். நான் ஒருநாள், எதற்கு இந்தச் சடங்கு என்று கேட்டேன். “அவசரப்பட்டு அறுக்க இது என்ன வெங்காயமா” என்றார். இருபது ஆண்டில் மூன்று பறவைகள் அவர் கைக்குள்ளிருந்து எழுந்து போயிருப்பதாகச் சொன்னார். நான் நம்பியதில்லை. படித்தவன் அல்லவா?

ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு, குளிர் மிகுந்த ஒரு காலை. மூத்த எழுத்தாளர் அவர்கள் அன்று அருங்காட்சியகத்துக்கு வருவதாக ஏற்பாடு. ரீங்காரச் சிட்டு பற்றி எழுதப் போகிறார்; பார்க்க வேண்டும். இயக்குநர் ஐயா என்னைத் தொலைபேசியில் அழைத்து, முதல் இழுப்பறையில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, படத்தில் பல் விழுந்தது போலத் தெரியும், வரிசையை நிரப்பி வையுங்கள் என்றார். அன்று என் மனைவிக்குப் பல் பிடுங்க நாள் குறித்திருந்தது. எழுத்தாளர் வருகையை நான் விடுவேனா? தங்கையை அண்ணன்தான் அழைத்துப் போனார். பன்னிரண்டரைக்குள் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்பது மணிக்கு, கண்ணாடி துடைக்கும் அம்மா கைக்குட்டையில் சுற்றி ஒரு சிட்டைக் கொண்டுவந்தார். வடக்குச் சன்னலின் விளிம்பில் கிடந்ததாம். பச்சை முதுகு, செந்தூரத் தொண்டை. ஒரு காசின் கனம்கூட இல்லை. கல் போலக் குளிர்ந்திருந்தது. அலகு மேலே பார்த்தபடி இருந்தது. “செத்துப்போச்சுங்களா” என்று கேட்டார். ஆமாம் என்றேன். டீ ஊற்றவில்லை. கையில் மூடவில்லை. பதிவேட்டைத் திறந்து, எண் கொடுத்து, அட்டையில் என் அழகான கையெழுத்தில் ‘இறந்த நிலையில் கிடைத்தது’ என்று எழுதி, நூலால் காலில் கட்டி, காலியாக இருந்த நாற்பதாவது இடத்தில் வைத்தேன். வரிசை நிறைந்தது. உற்றுப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெரியும். முப்பத்தொன்பதுக்குப் பஞ்சுக் கண். ஒன்றுக்கு மூடிய இமை.

பதினோரு மணிக்கு இயக்குநர், எழுத்தாளர், புகைப்படக்காரர், அவருடைய இரண்டு பெரிய விளக்குகள் எல்லாம் வந்து சேர்ந்தன. இழுப்பறையை முழுக்க வெளியே இழுத்து, விளக்கை மேலே பிடித்தார்கள். அரை மணி நேரம். அந்த விளக்கின் சூடு என் நெற்றியில் வியர்வையாக வடிந்தது. எழுத்தாளர் குனிந்து பார்த்தார், குறிப்பெடுத்தார், மீண்டும் குனிந்தார். அன்று எடுத்த குறிப்பைத்தான் தொண்ணூற்று மூன்றாம் பக்கத்தில் நீங்கள் படிக்கப் போகிறீர்கள். ஒரு வரியை மட்டும் வாசிக்கிறேன்: ‘இறந்த பின்னும் அந்தக் கடைசிச் சிட்டின் சிறகு, பறக்கும் நினைவில் நடுங்குவது போல எனக்குத் தோன்றியது.’

கேட்டீர்களா? நடுங்குவது போல. பெரியோர்களே, அது நடுங்கியது. நானும் பார்த்தேன். சூடு ஏற ஏற, வரிசையின் கடைசியில், வால் இறகு ஒருமுறை, சிறகு நுனி ஒருமுறை. கண்ணெதிரே ஓர் உயிர் திரும்பி வந்துகொண்டிருந்தது. அவர் அதை உவமையாக்கிக்கொண்டு, பேனாவை மூடிவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டார். நான் விளக்குக் காற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, இழுப்பறையைத் தள்ளி மூடினேன்.

இல்லை, யாரும் கைதட்ட வேண்டாம். அவரைக் கேலி செய்வதற்காக நான் சொல்லவில்லை.

பன்னிரண்டரைக்கு மச்சான் வந்தார். படமெடுத்தவர்கள் எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்தார்களா என்று பார்க்க இழுப்பறையைத் திறந்தார். நான் வாசலில் நின்று பார்த்தேன். நாற்பதாவது இடம் காலி. சிட்டு இழுப்பறையின் பின்மூலையில், நூல் ஒரு பஞ்சுக்கண் பறவையின் அலகில் சிக்கி, பக்கவாட்டில் கிடந்தது. துணி எங்கும் பச்சைப் பொடி போல இறகுத் துணுக்குகள். அவர் நூலை அறுத்தார். பறவையைக் கைக்குள் மூடினார். வெகுநேரம் கழித்து, சர்க்கரைத் தண்ணீரை மைச்சொட்டானில் எடுத்து அலகில் விட்டார். நாக்கு வெளியே வந்தது. நூலிழை போன்ற நாக்கு. பிறகு இமை திறந்தது. பஞ்சல்ல, கறுப்புக் கண். அவர் கையிலிருந்து மேலெழுந்து, என் முகத்துக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில், அந்தரத்தில் அசையாமல் நின்றது. ரீங்காரம் என்கிறோமே, அது காதில் கேட்கவில்லை; என் பல்லுக்குள் கேட்டது. என்னைப் பார்த்துவிட்டு, பின்பக்கமாகவே பறந்து, சன்னலைத் தாண்டிப் போய்விட்டது.

மச்சான் கையில் என் சீட்டு மட்டும் இருந்தது. அதைப் படித்தார். “செத்துடுச்சுன்னு எழுதியிருக்கீங்க மாப்ள” என்றார். “நல்லவேளை, அதுக்குப் படிக்கத் தெரியாது” என்றார். சீட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து இருப்புச் சோதனை. பதிவேட்டில் எண் இருக்கிறது. இழுப்பறையில் பறவை இல்லை. இந்தச் சிட்டின் தோலுக்கு வெளியே வாங்க ஆள் உண்டு என்று பேச்சு. தலைவர் ஐயா அவர்களே, விசாரணை நடத்தியவர் நீங்கள். பதிவேட்டில் எழுதியது தவறு என்று மச்சான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், உயிருள்ளதைச் செத்ததென்று எழுதிக் கையெழுத்திட்ட என் வேலை போயிருக்கும். அவர் தங்கையின் வீட்டு அடுப்பு அணைந்திருக்கும். அவர் சொன்னது இவ்வளவுதான்: “பறவை இல்லீங்க. அதுக்கு மேல என்கிட்ட கேக்காதீங்க.” அந்த விசாரணைக் குறிப்பை எழுதியது யார்? கையெழுத்து அழகாக இருக்கும் என்று என்னைத்தான் உட்கார வைத்தீர்கள். ‘குற்றம் சாட்டப்பட்டவர் பதில் கூற மறுத்தார்’ என்று எழுதினேன்.

அவர் வேலை போயிற்று; இப்போது ஒரு பட்டறையில் பேருந்து இருக்கைகள் தைக்கிறார். விசாரணை முடிந்த அன்று மாலை என் மனைவி என்னிடம், “அண்ணன் எடுத்திருப்பாரா” என்று கேட்டாள். “பதிவேட்டுல இருக்கு, அறையில இல்லையே” என்றேன். அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

இதைத்தான் மூத்த எழுத்தாளர், ‘அந்த மாணிக்கத்தைப் பின்னாளில், அதைப் பேண வேண்டிய கையே களவாடியது’ என்று எழுதியிருக்கிறார். அழகான வாக்கியம். அதைப் படித்ததிலிருந்து அவர்மேல் எனக்கு ஆத்திரம் உண்டு. ஆனால் அவருக்கு அந்தச் செய்தியைத் தந்தது எது? நான் எழுதிய குறிப்பு. அவர் என்னை நம்பினார், அவ்வளவுதான்.

ஆகவே அவையோரே, ஐந்நூறு சீட்டுகள் கொண்டுவந்து வாசல் மேசையில் வைத்திருக்கிறேன். எல்லாம் என் கையால் எழுதியவை. ‘இப்பக்கத்தில் சொல்லப்படும் பறவை திருடப்படவில்லை, இறக்கவும் இல்லை. உயிருடன் இருந்த பறவைக்குத் தவறுதலாக இறப்பு எழுதியவர் சீட்டெழுத்தர். அதைப் பிழைக்க வைத்துப் பறக்கவிட்டவர், பழிசுமத்தப்பட்டவர்.’ கீழே என் கையெழுத்து. ஒவ்வொரு பிரதியிலும் இதை ஒட்டிய பிறகே நூல் இந்த வாசலைத் தாண்ட வேண்டும். தலைவர் இசைவாரா?

இசைகிறார். தலையசைக்கிறார். எழுத்தாளரும் கையை உயர்த்துகிறார். நன்றி. இப்போது நீங்கள் கைதட்டுவதை நான் தடுக்கவில்லை.

யாரோ எழுந்து நிற்கிறார்கள். மச்சானா? சொல்லுங்கள் மச்சான். கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்.

அவர் கேட்டது முன்வரிசைக்குக் கேட்டிருக்காது. நானே திருப்பிச் சொல்கிறேன். “என் பேரை விடுங்க மாப்ள. அன்னிக்கு நான் கூப்பிடறதுக்கு முன்னாலயே நீங்க வாசல்ல வந்து நின்னுட்டு இருந்தீங்க. என்ன ஆச்சுன்னுகூடக் கேக்கல. ஒம்போது வருசமா இதான் எனக்குள்ள ஓடுது. உள்ள அது சத்தம் போட்டுச்சா? உங்களுக்குக் கேட்டுச்சா?”

மணி அடிக்க வேண்டாம் ஐயா. என் நேரம் முடிந்துவிட்டது, எனக்குத் தெரியும்.

கேட்டது.

இழுப்பறையை மூடி நான் என் மேசையில் வந்து உட்கார்ந்தபோது மணி பதினொன்றரை. முதுகுக்குப் பின்னால், சுவருக்குள், ஒரு ரீங்காரம் தொடங்கியது. முதலில் எங்கோ ஓடும் மின்விசிறி என்று நினைத்தேன். அண்ணாந்து பார்த்தேன், மின்விசிறி ஓடவில்லை. சன்னலில் வண்டு என்று நினைத்தேன். சன்னலைப் பார்த்தேன். பிறகு நினைப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. இருட்டு, நாப்தலீன், இருபுறமும் பஞ்சுக் கண், காலில் என் சீட்டு. அது எழும்பும்; மேல்பலகையில் மோதும்; ஒரு சிறு தட்டல் கேட்கும்; விழும்; மறுபடி ரீங்காரம். என் நாற்காலியிலிருந்து அந்த இழுப்பறைக்கு எட்டு அடி. எழுந்து போய் இழுத்திருந்தால் பறந்திருக்கும். ஆனால் பக்கத்து அறையில் அவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பறவை வெளியே வந்தால் என் சீட்டும் அவர்கள் கண்ணெதிரே பறந்து வரும். அதனால் நான் பேனாவை எடுத்து, அடுத்த அட்டையை எழுதத் தொடங்கினேன். எழுதினேன் பெரியோர்களே. ஒரு பிழையும் இல்லாமல் நான்கு அட்டைகள் எழுதினேன்.

பன்னிரண்டு மணிக்குச் சத்தம் குறைந்தது. பிறகு நின்றது. நின்றபோது எனக்கு என்ன தோன்றியது என்பதை என் மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை. அப்பாடா என்று இருந்தது. இனி என் சீட்டு உண்மையாகிவிடும் என்று இருந்தது. மச்சானின் காலடி கேட்டு நான் வாசலுக்கு ஓடியது உதவி செய்ய அல்ல. அது செத்துவிட்டதா என்று பார்க்க.

இதுதான் உங்களுக்குப் பதில் மச்சான்.

அவர் உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்க்கவில்லை. என் மனைவி எழுந்து வாசல் பக்கம் நடக்கிறாள். வீட்டுக்குப் போகிறாளா, சீட்டு எடுக்கப் போகிறாளா, எனக்குத் தெரியாது.

ஆகவே நான் கொண்டுவந்த ஐந்நூறு சீட்டும் பொய். பறவை சுடரா, பவளமா, மாணிக்கமா என்பதை இனி எழுதுகிறவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும். நான் கேட்பது ஒன்றே. வெளியே போகும்போது ஆளுக்கொரு சீட்டை எடுங்கள். ‘தவறுதலாக’ என்ற சொல்லை அடித்துவிடுங்கள். என் கையெழுத்துக்குக் கீழே ஒரு வரியை உங்கள் கையாலேயே சேர்த்து எழுதுங்கள்: ‘உள்ளே சத்தம் கேட்டது. இவன் திறக்கவில்லை.’ நானே எழுதலாம்தான். ஆனால் இவ்வளவும் என் கையெழுத்தை நம்பியதால் வந்தது.

மேடையில் இருந்தபடி என்னைப் பொறுத்துக்கொண்ட தலைவருக்கும், தன் பக்கத்தில் சீட்டு ஒட்டச் சம்மதித்த எழுத்தாளருக்கும், கேட்க வேண்டியதைக் கேட்ட மச்சானுக்கும், கேட்ட பிறகும் இருக்கையை விட்டு எழாமல் இருக்கும் உங்கள் எல்லோருக்கும் நன்றி. இந்த ஒரு முறை நான் நன்றி சொல்லும்போது நாற்காலி எதுவும் இழுபடவில்லை. வணக்கம்.